ஒன்பதாம் எண்ணுக்கு வந்த பதில்

மலாக்கா டவுன் தெங்கேராவில் ஒரு கோப்பிக் கடையின் முன்னால், தூண்கள் தாங்கிய அஞ்சடி நடைபாதையில் நின்றுகொண்டு நான் எங்கள் சைக்கிள்காரர்களின் எண்களைக் கூப்பிடத் தொடங்கியபோது காலை மணி ஒன்பது நாற்பது. கடைச் சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்தேன். என் சட்டைப்பையில் இருந்ததையும் எடுத்துப் பார்த்தேன். இரண்டும் ஒரே நேரத்தைக் காட்டின. அதனால் நேரத்தைப் பற்றி எனக்குச் சந்தேகம் இல்லை. அன்று நடந்த வேறு எதைப் பற்றியும் எனக்குச் சந்தேகம் இல்லை. அதுதான் என் கஷ்டம்.

"ஒன்று" என்றேன். "இருக்கேன்" என்றார் ஒருவர். இரண்டு, மூன்று என்று போய் எட்டு வரை பதில் வந்தது. "ஒன்பது" என்றேன். ஒன்பது என் மகன். ஒரு தூணுக்குப் பின்னாலிருந்து "இருக்கேன்" என்று பதில் வந்தது. அது என் மகனுடைய குரல் இல்லை.

கையிலிருந்த தாளில் ஒன்பதுக்கு நேராக, வந்ததற்கான கோட்டைப் பென்சிலால் போட்டேன். பிறகு "பத்து" என்றேன்.

நியாலாஸ் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் நான் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா. மலாக்காவில் ஆங்கிலப் பள்ளியில் படித்துவிட்டு இருபது வயதில் அந்த ஆபீசுக்குள் நுழைந்தவன். தினமும் இருட்டுப் பிரியும் முன் பெரட்டுக் களத்தில் நின்று, விளக்கு வெளிச்சத்தில் முந்நூறு பேருக்கு மேல் பெயர் கூப்பிட்டு, வந்தவர் வராதவர் கணக்கெடுப்பது பல வருஷங்களாக என் வேலையாக இருந்தது. பெரட்டில் ஒருவருக்காக இன்னொருவர் பதில் சொல்வது எல்லாத் தோட்டத்திலும் உண்டு. தொழிலாளர் லயத்தில் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருப்பாள் ஒருத்தி. அவள் கொழுந்தன் குரலை மெல்லியதாக்கி அவளுக்காக "இருக்கேன் சாமி" என்பான். நான் தலையைத் தூக்காமலே, "இது யாருடைய தொண்டை?" என்று கேட்பேன். வரிசை முழுக்கச் சிரிப்பு எழும். "கிராணிக்குக் கண்ணே வேணாம், காது போதும்" என்பார்கள். அந்தப் பேச்சில் எனக்குப் பெருமை உண்டு. முந்நூறு தொண்டைகளைப் பிரித்தறிந்த என் காதுக்கு என் மகனின் தொண்டை தெரியாமலா போகும்?

எங்கள் சைக்கிள் சங்கத்தில் தோட்டத்துக் கிராணிகள், தமிழ்ப் பள்ளி வாத்தியார்கள், டவுனில் கடை வைத்திருப்பவர்கள் என்று முப்பது பேர் இருந்தோம். நீண்ட ஓட்டங்களுக்குப் பதினைந்து பேர் வந்தாலே பெரிது. எனக்கு வயது நாற்பத்தாறு, தலைவன் நான்தான். விதிகளை எழுதியவனும் நான்தான். அவற்றில் முதல் விதி, கிளம்பிய அத்தனை பேரும் சேர்ந்து போய்ச் சேர வேண்டும் என்பது. ஒருவர் குறைந்தாலும் எல்லோரும் நின்ற இடத்திலேயே காத்திருக்க வேண்டும். கடைசி ஆள் என்று ஒருவரை வைப்போம். பம்பும் ஒட்டுச் சாமானும் அவரிடம் இருக்கும். யாரையும் தாண்டி அவர் முன்னே போகக் கூடாது. டவுனில் இருந்த சீனர்களின் சங்கம் எங்களைவிட வேகமானது. ஆனால் அவர்கள் பின்தங்கியவரை விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். நாங்கள் அப்படியில்லை என்று ஒவ்வொரு கூட்டத்திலும் நான் பேசுவேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஓட்டம் நியாலாஸிலிருந்து ஜாசின், மலாக்கா வழியாகக் கோலா சுங்கை பாரு வரை. ரப்பர்க் காட்டிலிருந்து கடல் வரை. ஐம்பது மைலுக்கு மேல். சீனர் சங்கம் முன்பு இதே வழியில் ஒரு மணிக்குக் கடலைத் தொட்டிருந்தது. நாங்கள் ஒரு மணிக்கு முன்னால் தொட வேண்டும், அதுவும் ஒருவர் குறையாமல் தொட வேண்டும் என்பது என் ஆசை. ஆசை என்று எழுதுகிறேன். என் மனைவியைக் கேட்டால் வேறு சொல் சொல்வாள்.

என் மகனுக்கு அப்போது பத்தொன்பது வயது. தோட்டத்துப் பள்ளியில் உதவி வாத்தியார். அந்த மாதம் அவனுக்குக் குளிர்காய்ச்சல் வந்திருந்தது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரும் ரகம். எங்கள் பக்கத்தில் அது வராத வீடு இல்லை. அதிகாலை நாலரைக்கு என் மனைவி அடுப்படியில் புளிச்சோற்றை இலையில் கட்டிக்கொண்டே பேசினாள்.

"வெள்ளிக்கெழம வந்துச்சு. நேத்து வரல. அப்ப இன்னிக்கு மொறை."

"கொயினா மாத்திரை உள்ள போயிருக்கு. மொறையெல்லாம் விட்டுப்போச்சு" என்றேன்.

"காய்ச்சல்கிட்ட சொல்லிட்டீங்களா, இன்னிக்குக் கிராணி ஓட்டம் வெச்சிருக்காரு, வராதேன்னு?"

என் மகன் சிரித்துக்கொண்டே சைக்கிளின் முன்பக்கத்தில் தன் எண் அட்டையைக் கட்டினான். "நான் நல்லாத்தாம்மா இருக்கேன். அப்பா கூடத்தானே போறேன்" என்றான்.

அவள் ஒரு பொட்டலத்தை அவன் சைக்கிளிலும் இன்னொன்றை என் சைக்கிளிலும் வைத்துக் கட்டினாள்.

நீண்ட ஓட்டத்தின் சுகத்தை அனுபவிக்காதவருக்குச் சொல்லிப் புரியவைப்பது கடினம். ஐந்தரை மணிக்குக் கிளம்பினோம். பதினான்கு விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக. அந்தக் கேஸ் விளக்குகளின் நாற்றம்கூட எனக்குப் பிடிக்கும். இரவு மழையில் உதிர்ந்த ரப்பர் இலைகள் சக்கரத்தில் ஒட்டிக்கொண்டு சரசரவென்று சுற்றும். லயங்களைத் தாண்டும்போது பதினான்கு மணிகளையும் ஒரே நேரத்தில் அடிப்பது எங்கள் வழக்கம். பெண்கள் அடுப்பை விட்டு வெளியே வந்து பார்ப்பார்கள். "என்னா, எல்லாரும் பொண்ணு பாக்கப் போறீங்களா?" என்று ஒருத்தி கத்துவாள். "பாத்தாச்சு, வேணாம்னு ஓடறோம்!" என்பார் எங்கள் கடைசி ஆள். அவர் தெங்கேராவில் தையல்கடை வைத்திருந்தவர். என்னைவிடப் பத்து வயது இளையவர். ஓட்டத்துக்காக முந்தின நாளே பஸ்ஸில் வந்து எங்கள் வீட்டில் படுத்துக்கொள்வார். அவர் வாய் இருந்தால் மேடு தெரியாது.

ஆனால் அவர் வாய்தான் என்னைக் குத்தவும் செய்தது. அதற்கு முந்தைய இரண்டு ஓட்டங்களில் என் மகனால் எல்லோரும் காத்திருக்க நேர்ந்தது. ஒரு தடவை சங்கிலி அறுந்தது. இன்னொரு தடவை வெயிலில் வாந்தி எடுத்தான். "கிராணியண்ணன் மவன் வந்தா நல்லது லா. ரெண்டு தடவ கோப்பி குடிக்கலாம்" என்றார் தையல்காரர். எல்லோரும் சிரித்தார்கள், என் மகனும் சிரித்தான். எனக்குச் சிரிக்க வரவில்லை. வீட்டுக்கு வந்ததும் அவனிடம், "நாலு பேர் முன்னால என் மானத்த வாங்காத" என்று சொன்னேன். தான் வேடிக்கையாகச் சொன்ன ஒரு வார்த்தைக்காக அவனிடம் நான் இப்படி ஒரு பதிலைச் சொன்னேன் என்பது தையல்காரருக்குத் தெரியாது.

ஜாசினில் பத்து நிமிடம் நின்றோம். ஆள் எடுத்தேன். ஒன்பது இருந்தான். கோப்பிக் குவளையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றான்.

"அப்பா, கொஞ்சம் குளிர்ற மாதிரி இருக்கு."

"காலை நேரம் எல்லாருக்கும்தான் குளிரும். வெயில் ஏறுனா சரியாயிடும்."

"சரிப்பா" என்றான். அவன் உதட்டைப் பார்த்தேன். நகத்தைப் பார்த்தேன். குளிர்காய்ச்சல் வருமுன் நகக்கண் நீலமாகும் என்பது தோட்டத்தில் குழந்தைக்கும் தெரியும். பார்த்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தேன்.

ஜாசினிலிருந்து மலாக்கா வரை நான் முன்னால் மிதித்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. தலைவன் திரும்பிப் பார்க்கத் தேவையில்லை, பின்னால் கடைசி ஆள் இருக்கிறார். விதி அப்படி.

இப்போது அந்த ஒன்பது நாற்பதுக்கு வருகிறேன். வழக்கமாக ஆள் எடுத்த பிறகு தெங்கேராவில் இருபது நிமிடம் ஓய்வு. அன்று கடைசி எண்ணைக் கூப்பிட்டு முடித்ததும், "அஞ்சு நிமிஷம்தான். நேரம் போகுது" என்றேன். ஒருவர் ரொட்டியைப் பாதி வாயில் வைத்துக்கொண்டு, "என்னண்ணே, கடல் எங்கயும் ஓடிப் போயிடாது" என்றார். நான் சைக்கிளில் ஏறிவிட்டேன்.

ஏன் அவசரப்பட்டேன் என்று பல தடவை என்னையே கேட்டிருக்கிறேன். நேரம் ஒரு காரணம். இன்னொரு காரணம் அதைவிட மோசம். இருபது நிமிடம் நின்றால் அவன் வந்து சேர்ந்துவிடுவானோ என்று பயந்தேன். மூன்றாவது தடவையாக எல்லோர் முன்னாலும் இளைத்துக்கொண்டு வந்து இறங்குவான். ஒன்பதுக்குப் பதில் சொன்னது யார் என்ற பேச்சு வரும். நான் ஏமாந்தேனா, ஏமாந்தவன்போல இருந்தேனா என்ற பேச்சும் வரலாம். அவன் தனியாக வரட்டும், வழி தெரிந்தவன்தான், அடுத்து ஆள் எடுக்கும் மஸ்ஜித் தானாவில் வந்து சேர்ந்துகொள்வான் என்று மனசுக்குள் ஒரு ஏற்பாடு செய்துகொண்டேன். தூணுக்குப் பின்னாலிருந்து வந்த அந்த ஒரு சொல் எனக்குச் சௌகரியமாக இருந்தது. அதைக் கையில் பிடித்துக்கொண்டேன்.

தஞ்சோங் கிளிங் தாண்டிய பிறகு கடற்காற்று பின்னாலிருந்து தள்ளியது. அந்தப் பாதையில் மிதிப்பதே தெரியாது. தென்னைகளுக்கு இடையே கடல் தெரிவதும் மறைவதுமாக வரும். முன்னால் போனவர்கள் பாட ஆரம்பித்தார்கள். எல்லோரும் பாடியபோது தையல்காரர் மட்டும் பாடவில்லை. ஒரு இடத்தில் அவர் வேகமாக மிதித்து என் பக்கத்தில் வந்தார். கடைசி ஆள் முன்னால் வரக் கூடாது. அவருக்கும் அது தெரியும்.

"அண்ணே..." என்றார்.

"என்ன?"

"இல்ல... காத்து நல்லாருக்கு."

"நல்லாருக்கு" என்றேன். அவர் கொஞ்ச தூரம் என்னோடு வந்துவிட்டு மறுபடி பின்னால் போய்விட்டார். அந்த இடத்தில் நான் ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். அவர் எல்லாவற்றையும் கொட்டியிருப்பார். எட்டு மைல் மிச்சமாகியிருக்கும்.

மஸ்ஜித் தானாவுக்குப் பன்னிரண்டுக்குக் கால் மணி இருக்கும்போது போய்ச் சேர்ந்தோம். கடலுக்கு இன்னும் கொஞ்ச தூரம்தான். ஆள் எடுத்தேன். ஒன்பது என்றபோது பதில் வரவில்லை. இரண்டாம் முறை கூப்பிட்டேன். தையல்காரர் சைக்கிளை அப்படியே கீழே போட்டுவிட்டு ரோட்டோரத்தில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தார்.

"அவன் வரலண்ணே. தெங்கேராவுக்கே வரல. நான்தான் சொன்னேன், இருக்கேன்னு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அப்போது நான் செய்ததை எழுதாமல் விட்டால் இதையெல்லாம் எழுதியதே வீண். நான் அதிர்ந்துபோனவன்போல நின்றேன். "என்னது?" என்று கத்தினேன். கத்தியபோது என் குரல் உண்மையாகவே நடுங்கியது. அதனால் எல்லோரும் நம்பினார்கள்.

தையல்காரர் விக்கலுக்கு நடுவே சொன்னார். ஜாசின் தாண்டி ஐந்தாறு மைலில் என் மகன் இறங்கியிருக்கிறான். "நீங்க போங்க மாமா. கால் கழுவிட்டு வந்துர்றேன். அப்பாகிட்ட சொல்லாதீங்க" என்றிருக்கிறான். இவர் சற்று நேரம் நின்று பார்த்துவிட்டு, வந்துவிடுவான் என்று கிளம்பிவிட்டார்.

"கோப்பி குடிச்சு முடிக்கறதுக்குள்ள வந்துருவான்னு நெனச்சேண்ணே. நீங்க எல்லார் முன்னாடியும் அவன வைவீங்களேன்னுதான்... நீங்க இவ்ளோ சீக்கிரம் கெளம்புவீங்கன்னு எனக்குத் தெரியாது லா."

"நீ மனுஷனா?" என்றேன். "கடைசி ஆள்னு உன்ன எதுக்கு வெச்சிருக்கு? காய்ச்சக்காரப் பிள்ளைய ரோட்டுல விட்டுட்டு, இருக்கான்னு வேற பொய் சொல்லுவியா?"

"தப்புண்ணே. என் தப்புதான்."

"உன் புள்ளையா இருந்தா விட்டுட்டு வந்திருப்பியா?"

அவருக்குப் பிள்ளை இல்லை. அது எனக்குத் தெரியும். சுற்றி நின்றவர்களில் ஒருவர் என் தோளைப் பிடித்து, "விடுங்கண்ணே, போதும்" என்றார். எல்லோருடைய இரக்கமும் என் பக்கம் இருந்தது. அந்த இரக்கத்தை நான் வாங்கிக்கொண்டேன். அடுத்த மாதமே தையல்காரர் சங்கத்திலிருந்து விலகினார். அவர் எழுதிய கடிதத்தைக் கூட்டத்தில் படித்தவன் நான். "என் பொறுப்பின்மையால்" என்று எழுதியிருந்தார். அதைச் சத்தமாகவே படித்தேன். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை.

மற்றவர்களை நான் கடலுக்குப் போகச் சொன்னேன். அவர்கள் போகவில்லை. "அது எப்படி? உங்க விதிதானே. நாங்க இங்கயே இருக்கோம், நீங்க போய்ப் பாத்துட்டு வாங்க" என்று மஸ்ஜித் தானாவிலேயே ஒரு கடை வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். நானும் தையல்காரரும் திரும்பினோம்.

அதே காற்று இப்போது எதிராக வீசியது. வந்த வழி முழுவதும் எதிரே வரும் சைக்கிள் ஒவ்வொன்றையும் அவனோ என்று பார்த்துக்கொண்டே மிதித்தேன். பாதி வழியில் என் பின் சக்கரம் காற்றுப் போனது. தையல்காரர் இறங்கி, என்னைத் தொடவிடாமல், மரத்தடியில் குந்தி உட்கார்ந்து டியூபை வெளியே இழுத்தார். அவர் கைகள் மிகவும் சுத்தமாக வேலை செய்யும். ஓட்டையைச் சுரண்டி, பசை தடவி, ஒட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு, காய்வதற்காகக் காத்திருக்கும்போது தலையைத் தூக்காமல் சொன்னார்.

"அண்ணே, அவனுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா நான் எப்படி அண்ணி மொகத்துல முழிப்பேன்?"

அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "எனக்கும் தெரியும்" என்ற இரண்டே சொல். வாயைத் திறந்தேன். "காஞ்சிருச்சா பாரு" என்றுதான் வந்தது.

தெங்கேரா கோப்பிக் கடையில் கேட்டோம். அப்படி ஒருவரும் வரவில்லை என்றார்கள். இரண்டரைக்கு மழை பிடித்தது. ஜாசின் ரோட்டில் மழையிலேயே மிதித்தோம். ரோட்டோரமாக ஒரு கால்வாய் கூடவே வந்தது. செம்மண் தண்ணீர் ரோட்டு மட்டத்துக்கு ஏறி ஓடியது. நான் ரோட்டைப் பார்க்கவில்லை, கால்வாயைப் பார்த்துக்கொண்டே போனேன். ஒரு வாழைமட்டை மிதந்து வந்தது. அது வாழைமட்டைதான் என்று தெரிந்துகொள்ள சைக்கிளை நிறுத்தி இறங்க வேண்டியிருந்தது.

மூன்று மணிக்கு மேல் தையல்காரர் முதலில் பார்த்தார். ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே, கால் மரங்கள்மேல் உயர்த்திக் கட்டிய ஒரு மலாய்க்காரர் வீடு. வீட்டுக்கு அடியில், மழை படாத இடத்தில், ஒரு சைக்கிள் சாய்த்து வைத்திருந்தது. முன்பக்க அட்டையில் எண் ஒன்பது. புளிச்சோற்றுப் பொட்டலம் பிரிக்காமல் அப்படியே கட்டியிருந்தது.

வீடு பூட்டியிருந்தது. கூப்பிட்டுப் பார்த்தோம். கோழிகளைத் தவிர ஒருவரும் இல்லை. பக்கத்தில் வேறு வீடும் இல்லை.

"நல்ல எடத்துலதாண்ணே வெச்சிருக்காங்க" என்றார் தையல்காரர். "பத்திரமா வெச்சிருக்காங்க. அப்பன்னா ஒண்ணும் ஆயிருக்காது."

எனக்கு வேறு மாதிரி தோன்றியது. செத்துப்போனவருடைய சாமானையும் இப்படித்தான் பத்திரமாக வைப்பார்கள். அதை வெளியே சொல்லவில்லை. தையல்காரர் ஜாசின் ஆஸ்பத்திரியில் போய்ப் பார்ப்பது, வீட்டுக்காரர் வந்தால் கேட்க நான் அங்கேயே இருப்பது என்று முடிவு செய்தோம். அவர் மழைக்குள் போய்விட்டார். மதியம் அவர் சாப்பிடவில்லை. நானும் சாப்பிடவில்லை, ஆனால் அதை அவரோடு சேர்த்துச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை.

வீட்டுப் படியில் உட்கார்ந்திருந்தேன். தோட்டத்தில் எங்கள் ஆபீசில் ஒரு டெலிபோன் உண்டு. ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் பூட்டியிருக்கும். அந்தச் சாவி என் பையில் இருந்தது. யாராவது என் மனைவிக்குச் செய்தி சொல்ல நினைத்தாலும், அவள் யாருக்காவது சொல்ல நினைத்தாலும், வழியை நான் பூட்டிக்கொண்டு வந்திருந்தேன். உட்கார்ந்தபடியே ஒன்பது நாற்பதிலிருந்து எவ்வளவு நேரம் ஆகியிருக்கிறது என்று திரும்பத் திரும்பக் கணக்குப் போட்டேன். அங்கே நின்று ஒரு ஆளை அனுப்பியிருந்தால் ஒரு மணி நேரத்தில் இந்த வீட்டு வாசலுக்கு வந்திருப்பான். வேண்டிக்கொண்டேனா என்று கேட்டால், வேண்டிக்கொள்ள வெட்கமாக இருந்தது. ஆள் எடுத்த தாளில் பொய்க்கோடு போட்டுவிட்டு அதே கையைக் கூப்புவதா?

இதெல்லாம் நடந்து இப்போது இரண்டு வருஷம் ஆகிறது. பெரட்டில் பெயர் கூப்பிடும் வேலையைச் சின்னக் கிராணியிடம் கொடுத்துவிட்டேன். கண் பார்வை சரியில்லை என்று காரணம் சொல்லியிருக்கிறேன். யாராவது எங்கேயாவது "இருக்கேன்" என்று சொன்னால் இன்றும் சொன்னவர் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறேன். என் வீட்டில் யாருக்கும் உண்மை தெரியாது. இதை எழுதி முடித்ததும் முதலில் தையல்காரரிடம்தான் காட்ட வேண்டும்.

நாலரை மணி இருக்கும். மழை தூறலாகியிருந்தது. ஜாசின் பக்கத்திலிருந்து மலாக்கா போகும் பஸ் வந்தது. வீட்டைத் தாண்டிப் போன பஸ் சட்டென்று நின்றது. ஒரு பெண் இறங்கிக் குடையை விரித்தாள். நடையைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது, என் மனைவி.

நான் எழுந்து நின்றேன். அவள் சேற்றில் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வேகமாக வந்தாள். அவள் முகத்தைப் படிக்க முயன்றேன், முடியவில்லை.

"என்னங்க, இங்கயா உக்காந்திருக்கீங்க? பஸ்ஸுக்குள்ளேருந்து பாத்தேன், நீங்கதானான்னு என்னால நம்ப முடியல. ஏன் இப்படி நடுங்குறீங்க? பையன் வீட்டுல இருக்கான். காய்ச்சல் எறங்கி, வேர்த்துக் கொட்டுது. கஞ்சி குடிச்சான்."

நான் படியில் மறுபடி உட்கார்ந்துவிட்டேன். அவள் குடையை என் தலைக்கு மேல் பிடித்தாள்.

"சைக்கிள் தன் வீட்டுக்கடியில நிக்குதுன்னு சொல்லிட்டுத்தான் போனாரு, இந்த வீட்டு மலாய்க்காரரு. தங்கமான மனுஷன். மவன் படியில சுருண்டு கெடந்தானாம். மாட்டு வண்டியில ஜாசினுக்குக் கொண்டு போயி, பஸ்ஸுல ஏத்தி, கூடவே வந்து நம்ம வீட்டுல விட்டுட்டு, அதுக்கப்புறம்தான் அவரு சொந்தக்காரங்க கல்யாண வீட்டுக்குப் போனாரு. ஒரு வாய் தண்ணிகூடக் குடிக்கல."

"அவன்... ஏதாவது சொன்னானா?" என்றேன்.

"சொன்னானாவா? கண்ண மூடுனாத்தானே! 'அம்மா, தெங்கேராவுல அப்பா ஆள் எடுத்திருப்பாரு. நான் இல்லன்னதும் ஒருத்தரையும் நகர விட்டிருக்க மாட்டாரு. என்னால எல்லாரும் அந்த அஞ்சடியிலயே நிக்கறாங்க, போய்ச் சொல்லிட்டு வாங்கம்மா'ன்னு ஒரே பொலம்பல். பக்கத்து வீட்டு அக்காவ அவன்கிட்ட உக்கார வெச்சிட்டு அதான் கெளம்பி வந்தேன்." அவள் என் ஈரத் தலையைத் தன் முந்தானையால் துடைத்தாள். "காலையில உங்கள நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. மத்தவங்க எங்க? இன்னும் தெங்கேராவுலயா நிக்கறாங்க? பாவம், நம்ம பிள்ளைக்காக... யாராச்சும் சாப்புட்டாங்களா?"